பின்னணி இசை இல்லாம ஒரு படம் பார்த்தா செத்தா போயிடுவோம்?

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. பொட்டி தட்டற இடத்துல ஆணி அதிகம். ஆனா போன சனிக்கிழமை நடந்ததை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது போலிருக்கு.

இங்கே மாசத்துக்கு ஒரு தடவை நம்ம ஆளுங்க ஏழெட்டுக் குடும்பம் யார் வீட்டுலயாவது கூடுவோம். ஆளுக்கொரு பாத்திரத்துல சாப்பாடு, அப்புறம் ஒரு படம். இந்தத் தடவை எங்க வீட்டு முறை. நானும் ஆசையா வினோத்ராஜோட 'கொட்டுக்காளி'யைப் போட்டேன். 2024 ஆகஸ்ட்ல தியேட்டருக்கு வந்த படம். அதுக்கு முன்னாடி பிப்ரவரியிலயே பெர்லின் விழாவுக்குப் போயிட்டு வந்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. நண்பர் ஒருத்தர் எழுந்து டிவிக்குப் பின்னாடி போய் ஒயரைத் தடவ ஆரம்பிச்சிட்டார். "பாஸ், சவுண்ட் பார்ல ஏதோ கோளாறு. வசனம் வருது, மியூசிக் வரல."

"கோளாறு இல்லீங்க, படமே அப்படித்தான். பின்னணி இசையே கிடையாது."

"ஏன், காசு பத்தலையா?"

எல்லாரும் சிரிச்சாங்க. அரை மணி நேரத்துல அத்தனை பேர் முகத்துலயும் செல்போன் வெளிச்சம். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, குழந்தைங்களுக்கு போரடிக்குது"ன்னு ஒரு குரல். குழந்தைங்க எல்லாம் கீழ்த்தளத்துல வீடியோ கேம் ஆடிட்டிருந்தாங்க என்பது வேற விஷயம். கடைசியில ரிமோட் கை மாறி, ஹீரோ நடந்து வந்தாலே நாற்பது டிரம் முழங்குற ஒரு படம் ஓட ஆரம்பிச்சது. கூட்டம் நிம்மதியா மூச்சு விட்டுது. என்னைத் தவிர.

நிற்க.

இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம், ஆளுக்கு ஆள் மாறும், விடுப்பான்னு தங்கமணி சொன்னாங்க. என்னால விட முடியல. இது ரசனை இல்லை, பழக்கம். அதுவும் கெட்ட பழக்கம்னு நான் அடிச்சுச் சொல்றேன். எந்தக் காட்சியில அழணும், எங்கே பயப்படணும், எவன் நல்லவன்னு ஒருத்தர் காதுல ஊதிக்கிட்டே இருந்தாத்தான் நமக்குப் படம் புரியும்ங்கிற நிலைமைக்கு வந்துட்டோம். ஊதறதை நிறுத்தினா ஒயரைத் தடவறோம்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். பாட்டு இல்லாத படம் வேற, பின்னணி இசை இல்லாத படம் வேற. 1954-ல வந்த 'அந்த நாள்' பாட்டில்லாத படம். 1965-ல ஜெயகாந்தன் எடுத்த 'உன்னைப்போல் ஒருவன்'லயும் பாட்டு இல்லை. 1988-ல பாலு மகேந்திராவோட 'வீடு'லயும் இல்லை. ஆனா இந்த மூணுலயும் இசை உண்டு. ஜெயகாந்தன் படத்துக்கு வீணை சிட்டிபாபு. 'வீடு'க்கு இளையராஜாவோட 'ஹவ் டு நேம் இட்' தொகுப்புலேர்ந்து எடுத்துப் போட்டாங்க. நான் சொல்றது இசையமைப்பாளரே இல்லாத படம். தமிழ்ல அது ரொம்ப அபூர்வம். 2011-ல கௌதம் மேனன் 'நடுநிசி நாய்கள்' எடுத்தார். அப்புறம் இந்தக் 'கொட்டுக்காளி'. விரல் விட்டு எண்ணினா ஒரு கை விரலே மிச்சம் இருக்கும்.

மலையாளத்துல இதை எழுபதுகள்லயே செஞ்சுட்டாங்க. அடூர் கோபாலகிருஷ்ணனோட 'கொடியேற்றம்', 1978-ல திரைக்கு வந்தது. ஊர் சுத்திக்கிட்டுத் திரியற ஒரு அப்பாவி, மெதுவா மெதுவா மனுஷனாகிற கதை. கோபிக்கு அதுல தேசிய விருது கிடைச்சது. பாட்டும் கிடையாது, பின்னணி இசையும் கிடையாது. கோயில் திருவிழா சத்தம், ரோட்டுல போற வண்டி, வீட்டு முற்றம், அவ்வளவுதான். சேத்தை வாரி இறைச்சுட்டு ஒரு வண்டி பறந்து போறதைப் பார்த்து, மேல பட்டதைப் பத்திக் கவலையே இல்லாம, அதோட வேகத்தை வாயைப் பிளந்து ரசிக்கிறானே, அந்த இடத்துல ஒரு வயலினோ கோமாளித்தனமான ஒரு குழலோ வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? "இவன் முட்டாள், சிரிங்க"ன்னு நமக்கு உத்தரவு வந்திருக்கும். உத்தரவு வராததால, அவனைப் பார்த்துச் சிரிக்கிறதா பரிதாபப்படறதான்னு நாமே முடிவு பண்ண வேண்டியிருக்கு. முடிவு பண்றதுதான் நமக்குக் கஷ்டமா இருக்கு.

"இதெல்லாம் விருதுக்கு எடுக்கற படம், நமக்கு எதுக்கு"ன்னு அடுத்த அம்பு வரும். சரி, உங்க பிரியத்துக்குரிய ஹாலிவுட்டுக்கே போவோம். ஹிட்ச்காக்கோட 'தி பேர்ட்ஸ்' (1963) விருதுப் படமா? பக்கா வியாபாரப் படம். அதுல பின்னணி இசை கிடையாது. வேடிக்கை என்னன்னா, 'சைக்கோ'வுக்கு இசை போட்ட பெர்னார்ட் ஹெர்மன் அந்தப் படத்துல இருந்தார். இசையமைப்பாளரா இல்லை, ஒலி ஆலோசகரா. பறவைச் சத்தங்களை டிராட்டோனியம்னு ஒரு மின்னணுக் கருவியில உருவாக்கினாங்க. பள்ளிக்கூடத்துக்கு வெளியே காக்காய்கள் ஒண்ணொண்ணா வந்து உட்கார்ற காட்சி ஞாபகம் இருக்கா? உள்ளே பிள்ளைங்க பாடிட்டிருக்காங்க. அந்தப் பாட்டு மட்டும்தான். பயமுறுத்த வேற எதுவுமே தேவைப்படல.

சிட்னி லூமெட்டோட 'டாக் டே ஆஃப்டர்நூன்' (1975), பேங்க் கொள்ளைக் கதை, நடந்த சம்பவம். ஆரம்பத்துல எல்டன் ஜான் பாட்டு ஒண்ணு வரும், அப்புறம் இசையே இல்லை. இது நிஜமாவே நடந்ததுன்னு நீங்க நம்பணும்னா இடையில ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்கக் கூடாதுங்கிறது அவரோட கட்சி. அடுத்த வருஷமே 'நெட்வொர்க்' எடுத்தார், அதுலயும் பின்னணி இசை கிடையாது. நாலு ஆஸ்கார் வாங்குச்சு. 2007-ல 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்', கிட்டத்தட்ட முழுக்க இசை இல்லாத படம், சிறந்த படத்துக்கான ஆஸ்காரே வாங்கிடுச்சு. நம்ம ஆளுங்க இங்கிலீஷ் படம்னா இதையெல்லாம் வாயை மூடிக்கிட்டு பார்ப்பாங்க. அதையே ஒரு மதுரைப் பக்கத்து ஆள் செஞ்சா "காசு பத்தலையா?"

இன்னொண்ணும் சொல்லணும். படம் முழுக்க இசை ஓடணும்ங்கிறது ஏதோ ஆதிகாலத்து வேதம் இல்லை. பேசும் படம் வந்த புதுசுல, 1931-ல வந்த 'டிராகுலா'வை எடுத்துப் பாருங்க. டைட்டில்லயும் கச்சேரி அரங்கக் காட்சியிலயும் கேட்கறதைத் தவிர இசை இல்லை. 1933-ல 'கிங் காங்'குக்கு மாக்ஸ் ஸ்டைனர் போட்ட இசைக்கு அப்புறம்தான் விடாம வாசிக்கிற வழக்கம் வேர் பிடிச்சது. ஒரு வழக்கத்துக்குப் பிறந்த தேதி இருக்குன்னா அதைக் கேள்வி கேட்கலாம்தானே?

எதிர்க்கட்சிக்கும் நல்ல வாதம் உண்டு, மறைக்க மாட்டேன். 'லைஃப்போட்' (1944) படம் முழுக்க நடுக்கடல்ல ஒரு படகு. அங்கே இசை எங்கேர்ந்து வரும்னு ஹிட்ச்காக் கேட்டாராம். அப்போ கேமரா எங்கேர்ந்து வந்ததுன்னு திருப்பிக் கேட்டாராம் டேவிட் ராக்ஸின்ங்கிற இசையமைப்பாளர். ரொம்ப காலமாச் சொல்லப்பட்டு வர்ற கதை. சூப்பர் பதிலடிதான். ஆனா என் பக்கத்து பதில் இதுதான்: கேமரா எனக்குக் காட்டுது, இசை எனக்குச் சொல்லுது. காட்டினதை நான் தப்பாவும் புரிஞ்சுக்கலாம். சொன்னதுக்கு அப்புறம் அந்தச் சுதந்திரம் இல்லை.

இங்கே ஒருத்தர் கட்டாயம் சண்டைக்கு வருவார்: "அப்போ எம்.எஸ்.வி. வேண்டாமா? ராஜா வேண்டாமா?" ஐயா, கொஞ்சம் பொறுங்க. எங்க ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வாளையாறுக்கும் பாலக்காட்டுக்கும் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டுல, தமிழ் பேசற கேரளா. எம்.எஸ். விஸ்வநாதன் 1928-ல பிறந்த எலப்புள்ளி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. தங்கமணி போடி. இளையராஜா 1943-ல பிறந்த பண்ணைப்புரம் அவங்களுக்குக் கூப்பிடு தூரம், இடுக்கி மலைக்கு நேர் அடிவாரம். தமிழ் சினிமாவோட ரெண்டு பெரிய காதுகளையும் கேரள எல்லையோரம்தான் கொடுத்திருக்கு. அவங்க பேரைக் கேட்டா எழுந்து நிக்கிற வீடு எங்க வீடு. நான் கேட்கறது இதுதான்: அவங்க காது எங்கே வளர்ந்துது? அந்தக் காத்துலயும் மலையிலயும்தானே? அந்தச் சத்தத்தை நம்ம படங்கள்ல கேட்க விடறோமா?

பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல அகலம். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே மட்டும் கதவைத் திறந்து வெச்சிருக்கு. வாசல் வழியா வர்ற காத்து, பனைமரத்துல மோதுறப்போ வர்ற சத்தம் மழை மாதிரி இருக்கும். சின்ன வயசுல நடுராத்திரி மழைன்னு நினைச்சு காயப்போட்ட துணியை எடுக்க ஓடி ஏமாந்தவங்க எங்க தெருவுல எல்லாரும் உண்டு. இடுக்கிப் பக்கம் வேற மாதிரி. கம்பம், தேவாரம், போடியிலேர்ந்து விடியறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு ஜீப்புங்க கிளம்பும். போடிமெட்டு வளைவுல அந்த ஜீப் கியர் மாத்துற முனகல், உள்ளே நெருக்கி உட்கார்ந்திருக்கற பொம்பளைங்க பேச்சு. மாமியார் வீட்டுல எனக்கு அதுதான் அலாரம்.

இதையெல்லாம் படத்துல கேட்டிருக்கீங்களா? மலைன்னு காட்டின உடனே புல்லாங்குழல். கேரளான்னு காட்டின உடனே செண்டையும் ஒரு பொம்பளைக் குரல்ல "ஓ..." ஹம்மிங்கும். மலையாளப் படத்துல தமிழ்நாடு வந்தா? உடனே நாதஸ்வரம், இல்லேன்னா ஒரு டப்பாங்குத்து. எல்லையில வாழற எங்களுக்கு இது பெரிய தமாஷ். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே காத்துதான் அடிக்குது. மாறுறது பேச்சு மட்டும்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாத்தான். தமிழ்ல ஆரம்பிச்சு மலையாளத்துல முடியற எங்க வாக்கியத்தைக் கேட்கணும்னா நீங்க அந்தக் குழலை நிறுத்தணும்.

நிறுத்திக் காட்டினார் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி. 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022 டிசம்பர்ல திருவனந்தபுரம் விழாவுல காட்டி, 2023 ஜனவரியில தியேட்டருக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போயிட்டுத் திரும்பற மூவாற்றுப்புழைக் கூட்டம். மத்தியானத் தூக்கத்துலேர்ந்து எழுந்த மம்மூட்டி பஸ்ஸை நிறுத்தி இறங்கி, ஒரு தமிழ்க் கிராமத்துக்குள்ள நடந்து போய், காணாம போன சுந்தரமா மாறிடறார். படமெடுத்தது பழனிக்குப் பக்கத்துல, எங்க ஊருக்கு அந்தாண்டை. படத்துக்குன்னு தனியா பின்னணி இசை போடல. கேட்கறதெல்லாம் அந்த ஊர் டிவியிலயும் ரேடியோவிலயும் ஓடற பழைய தமிழ்ப் பாட்டும் பட வசனமும்தான். அந்த வீட்டுல கண் தெரியாத அம்மா ஒருத்தங்க நாள் முழுக்க டிவி முன்னாடியே உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கு உலகமே சத்தம்தான். நமக்கும் படம் முழுக்க அவங்க காதைக் கொடுத்துடறார் லிஜோ. ரங்கநாத் ரவியோட ஒலி வடிவமைப்பு. இசை இல்லாத படம்னு சொன்னா நம்ப மாட்டீங்க, அவ்வளவு பாட்டு கேட்கும். ஆனா ஒரு பாட்டும் வானத்துலேர்ந்து வரல, எல்லாம் யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னல்லேர்ந்து வருது. கேரள அரசோட 2022-ம் வருஷத்துச் சிறந்த படம், சிறந்த நடிகர் விருது ரெண்டும் அதுக்குத்தான்.

'கொட்டுக்காளி'யிலயும் இதே வித்தைதான். அந்தப் பொண்ணு மீனா (அன்னா பென்) படத்துல அனேகமா பேசறதே இல்லை. வேற சாதிப் பையனை விரும்பினதுக்குப் பேய் பிடிச்சிருக்குன்னு சாமியார்கிட்ட கூட்டிட்டுப் போறாங்க. முறைமாமன் பாண்டிக்குத் தொண்டை கட்டிப்போச்சு, கழுத்துல சுண்ணாம்பு. ஆட்டோ சத்தம், கட்டிப்போட்ட சேவல், காத்து. வழியில ஏதோ ஒரு விசேஷத்துல ஒலிபெருக்கியில சினிமாப் பாட்டு. அதை அவ உதட்டுக்குள்ள முணுமுணுக்கிறா. அவ்வளவுதான். பாண்டிக்கு வெறி ஏறி எல்லாரையும் போட்டு அடிக்கிறான். யோசிச்சுப் பாருங்க, படம் முழுக்க வயலின் அழுதுகிட்டே இருந்திருந்தா அந்த முணுமுணுப்பு நம்ம காதுல விழுந்திருக்குமா? ஒரு பொண்ணு பாட்டை முணுமுணுக்கிறது எவ்வளவு பெரிய கலகம்னு தெரியணும்னா, அதுவரைக்கும் படத்துல பாட்டு இருக்கக் கூடாது. எங்க வீட்டுல அந்தக் காட்சி வர்றதுக்கு முன்னாடியே டிவி மாறிடுச்சு.

பதிலுக்கு, இசை இல்லைன்னா உடனே காவியம்னு ஜல்லியடிக்க மாட்டேன். 'நடுநிசி நாய்கள்' எனக்குப் பிடிக்கல. மௌனம் மட்டுமே ஒரு படத்தைக் காப்பாத்தாது. இன்னும் சொல்லப்போனா இது சோம்பேறிகளுக்கான வழியும் இல்லை. நம்ம ஊர்ல பெரும்பாலும் வசனத்தை அப்புறமா டப்பிங் தியேட்டர்லதான் பேசறாங்க. படமெடுத்த இடத்துச் சத்தம் குப்பைக்குப் போயிடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் இசையை ஊத்தறாங்க. 'விருமாண்டி' (2004) மாதிரி நேரடி ஒலிப்பதிவு பண்ணின படங்கள் குறைவு. இசை இல்லாம எடுக்கறவன் ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் பொறுப்பேத்துக்கணும். 2018-ல வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில ராஜா இசை உண்டு. ஏலமூட்டை சுமந்து எங்க மலை ஏறி இறங்கற கதை. அதுல என் நினைவுல நிக்கிறது அந்த நடையும் மூச்சும்தான். அதனால சண்டை இசையோட இல்லை. எப்போ நிறுத்தறதுன்னு தெரியாத இசையோடதான்.

"சினிமாவுக்கு இவ்வளவு கோவமா?"ன்னு கேட்கறீங்க. சரி, சொல்லிடறேன்.

எங்க அப்பத்தாவுக்கு எண்பது முடிஞ்சப்போ ஊர்ல விசேஷம் வெச்சோம். வீடியோக்காரரை ஏற்பாடு பண்ணி மூணு மணி நேரம் எடுத்தோம். எனக்கு லீவு கிடைக்கல, போகல. டிவிடி வந்துது. அப்பத்தா சிரிக்குது, பேசுது, யாரையோ திட்டுது, பேரப்பிள்ளைங்களுக்குத் திருநீறு பூசி ஏதோ சொல்லுது. ஒரு வார்த்தை கேட்காது. மூணு மணி நேரமும் சினிமாப் பாட்டு. "ஒரிஜினல் சத்தம் ஒரே இரைச்சலா இருந்துதுங்க, எடுத்துட்டுப் பாட்டுப் போட்டு விட்டோம், நல்லா எடுப்பா இருக்கும்"னு சொன்னாங்களாம். வீட்டுலயும் எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துது. அதுதான் விஷயம். எல்லாருக்கும் பிடிச்சிருந்துது.

ரெண்டு வருஷம் கழிச்சு அப்பத்தா போயிடுச்சு. ஒரிஜினல் டேப்பைத் தேடிக் கேட்டோம், அதுமேலயே வேற கல்யாணம் எடுத்துட்டாங்களாம். இன்னிக்கு அப்பத்தா குரல்னு எங்ககிட்ட இருக்கறது, சித்தப்பா பழைய செல்போன்ல தெரியாம எடுத்த நாற்பது செகண்ட். "சாப்புட்டியா கண்ணு, அங்க குளுரா?"ன்னு என்னைத்தான் கேட்குது. பின்னாடி குக்கர் விசில். அதுக்கும் பின்னாடி மழை மாதிரி ஒரு சத்தம்.

எங்க பொண்ணு பிறந்தது இங்கே. அதைப் போட்டுக் காட்டினப்போ "மழையாப்பா?"ன்னு கேட்டா. "இல்லைடா, பனைமரம்"னேன். அவளுக்குப் பனைமரம் படத்துல தெரியும், சத்தம் தெரியாது. எப்படித் தெரியும்? நாம காட்டற நூறு தமிழ்ப் படத்துலயும் பனைமரம் வயலின் மாதிரிதானே சத்தம் போடுது?

அதனால மக்களே, இந்த ஊர்களை விட்டு வந்தவங்க நாமதான் இதுக்கு முதல்ல சண்டை போடணும். ஊர்ல இருக்கறவனுக்கு ஜன்னலைத் திறந்தா சத்தம் கிடைக்கும். நமக்குப் படத்தையும் வீடியோவையும் விட்டா வேற ஜன்னல் இல்லை. அந்த ஜன்னலையும் நாமளே பாட்டுப் போட்டு அடைக்கிறோம்.

மூணு விண்ணப்பம். ஒண்ணு: 'கொட்டுக்காளி'யை செல்போனைப் பக்கத்து ரூம்ல வெச்சுட்டு ஒரு தடவை முழுசாப் பாருங்க. பிடிக்கலைன்னா தாராளமாத் திட்டுங்க, ஆனா பார்த்துட்டுத் திட்டுங்க. ரெண்டு: அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அம்மா அப்பா பேசறதை எடுங்க, குக்கரோட, காக்காயோட, பக்கத்து வீட்டு டிவியோட. மூணு: விசேஷ வீடியோவுக்கு அட்வான்ஸ் கொடுக்கறப்போ ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்க: "பாட்டுப் போட்டு ஒரு காப்பி, போடாம ஒரு காப்பி." கூடக் காசு கேட்டா கொடுங்க. எங்களுக்கு அப்போ யாரும் இதைச் சொல்லித் தரல.

டிஸ்கி: போன வாரம் வந்த நண்பர்கள் யாரும் கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசமும் எங்க வீட்டுலதான் வெச்சுக்கலாம். பிரியாணி தங்கமணி பொறுப்பு. படம் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. சவுண்ட் பார் நல்லாத்தான் இருக்கு, யாரும் ஒயரைத் தொடக் கூடாது.